இழுவையைத் தேடி: பழைய லாரி இன்ஜினுக்குக் குறைந்த செலவில் வலு சேர்ப்பது எப்படி?

நெல் அறுவடை முடியும் வாரங்களில் சேத்துப்பட்டு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துப் பக்கம் போனால், மூட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பும் லாரிகளைப் பார்க்கலாம். போளூர் - வந்தவாசிச் சாலையும் ஆரணி - செஞ்சிச் சாலையும் கூடும் ஊர் இது. ஆரணி, களம்பூர் அரிசி ஆலைகளுக்கு நெல், அனக்காவூரில் உள்ள செய்யாறு கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு, வீடு கட்டுகிறவர்களுக்கு ஜல்லி, செங்கல் என்று சுமை ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கிறது. பாரத்தோடு முதல் கியரில் வண்டி நகரும்போதே அதன் வயது காதில் விழுந்துவிடும். இன்ஜின் உறுமுகிறது, கரும்புகை எழுகிறது, ஆனால் சக்கரம் மெதுவாகத்தான் உருளுகிறது.

அப்படிப்பட்ட லாரியை ஒற்றை வண்டியாக வைத்துப் பிழைப்பவர் பட்டறைக்கு வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "எப்படியும் இன்ஜின் வேலை பார்க்கப் போறோம். அதோட கொஞ்சம் இழுவையும் கூடுற மாதிரி செய்ய முடியுமா? செலவு கையைக் கடிக்கக் கூடாது."

இதற்குப் பட்டறைகளில் நான்கு பதில்கள் உண்டு. பம்பைத் திறந்துவிட்டு டீசலைக் கூட்டு என்பது முதல் பதில். டர்போ போடு என்பது இரண்டாவது. வேறு பெரிய இன்ஜினை ஏற்று என்பது மூன்றாவது. இருக்கிற இன்ஜினை அதன் பிறந்த அளவுக்குத் திருப்பிக் கொண்டுவா என்பது நான்காவது. நான்கையும் எடைபோட்டுப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: பழைய லாரியில் "கூடுதல் பலம்" என்று நாம் தேடுவதில் பெரும்பங்கு, அந்த இன்ஜின் வருடக்கணக்கில் இழந்த பலம்தான். அதை மீட்பதுதான் மலிவு. அதற்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு குதிரைத்திறனுக்கும் இன்ஜின் வெப்பமாக விலை கொடுக்கும்.

இந்த இன்ஜின்கள் வந்த வழி

தமிழ்நாட்டுச் சாலைகளில் வண்டியின் பலத்துக்கான தேடல் புதிதல்ல. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் பங்கீடு வந்தபோது, பேருந்துகளுக்குப் பின்னால் கலன் பொருத்தி, கரியை எரித்து வரும் வாயுவில் ஓட்டினார்கள். டி.வி.எஸ். நிறுவனமே அப்படிப்பட்ட கரிவாயுக் கலன்களைச் செய்தது. வண்டி ஓடியது, ஆனால் பெட்ரோலில் இருந்த இழுவையில் கணிசமான பங்கு போயிற்று. உள்ளே போகும் கலவையில் எவ்வளவு சக்தி இருக்கிறதோ அவ்வளவுதான் வெளியே வரும் என்ற பாடத்தை அன்றைய ஓட்டுநர்கள் ஏற்றத்தில் இறங்கித் தள்ளியே படித்தார்கள்.

போருக்குப் பின் டீசல் காலம் தொடங்கியது. 1840-இல் கோச்சு வண்டி கட்டும் தொழிலாகச் சென்னையில் தொடங்கிய சிம்சன் நிறுவனம், 1950-களில் இங்கிலாந்தின் பெர்கின்ஸ் டீசல் இன்ஜின்களைச் செய்யத் தொடங்கியது. பெட்ரோல் இன்ஜினோடு வந்த பழைய லாரிகள் பலவற்றில் அந்த இன்ஜினை இறக்கிவிட்டு பெர்கின்ஸை ஏற்றினார்கள். 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கிய நிறுவனம் 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. ஜாம்ஷெட்பூரில் டாடா நிறுவனம் 1954-இல் மெர்சிடிஸ் பென்ஸுடன் கைகோத்து லாரி செய்தது. அந்த ஒப்பந்தம் 1969-இல் முடிந்தது.

டாடாவின் ஆறு சிலிண்டர் இன்ஜின் வளர்ந்த விதம் நம் கேள்விக்கு நேரடியான பாடம். முதலில் வந்தது 90 மில்லிமீட்டர் போர், 120 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் கொண்ட 4.6 லிட்டர் இன்ஜின். பின்னர் 92 மில்லிமீட்டர் போருடன் 692 வந்தது, 4.8 லிட்டர். அதற்குப் பிறகு 97 மில்லிமீட்டர் போர், 128 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்குடன் 697, 5.7 லிட்டர். முன்னறையில் எரித்த டீசலைப் பிஸ்டன் தலையிலேயே நேராகப் பீச்சி எரிக்கும் மாற்றமும் இடையில் வந்தது. டர்போ வந்தது அதற்குப் பிறகு. 1990-களில் டாடா கம்மின்ஸ் 5.9 லிட்டர் இன்ஜின் வந்து சேர்ந்தது. பலம் கூட வேண்டும் என்றபோது தொழிற்சாலை பம்பை மட்டும் திறந்துவிடவில்லை. கிராங்க், பிஸ்டன், ஹெட், ரேடியேட்டர் என்று எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றியது.

பலம் என்பது காற்றின் கணக்கு

டீசலைக் கூட்டினால் பலம் கூடும் என்பது பாதி உண்மை. எரிய எவ்வளவு காற்று இருக்கிறது என்பதே மீதிப் பாதி. 697 அளவுள்ள இன்ஜினை வைத்தே கணக்குப் போடலாம். அதன் கொள்ளளவு 5,675 கன சென்டிமீட்டர். இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் ஒரு சிலிண்டர் காற்றை இழுக்கும். ஆகவே நிமிடத்துக்கு 2,400 சுற்றில் இன்ஜின் இழுக்கக்கூடியது 6,810 லிட்டர் காற்று. வால்வும் பாதையும் தடுப்பது போக 85 சதவீதம் நிரம்பினால் சுமார் 5,790 லிட்டர். 35 டிகிரி வெயிலில் அதன் எடை ஏறக்குறைய 6.6 கிலோ.

ஒரு கிலோ டீசல் எரியக் குறைந்தது 14.5 கிலோ காற்று வேண்டும். கரும்புகை இல்லாமல் எரிய நடைமுறையில் 20 கிலோ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நிமிடத்துக்கு 330 கிராம், மணிக்கு 20 கிலோ டீசல்தான் இந்த இன்ஜினால் ஒழுங்காக எரிக்க முடியும். ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் தர 165 கிராம் டீசல் செலவாகும் என்றால் கிடைப்பது சுமார் 120 குதிரைத்திறன். காற்று கூடாமல் இந்த எண் பெரிதாக உயராது. மேலே ஊற்றும் டீசல் கரும்புகையாகவும் சூடாகவும்தான் போகும்.

இதே கணக்கு வேறொரு நம்பிக்கையையும் சோதிக்கிறது. "போரிங் போட்டால் இன்ஜின் பெரிதாகும், பலம் கூடும்" என்பார்கள். 97 மில்லிமீட்டர் போரை அரை மில்லிமீட்டர் பெரிதாக்கினால் கொள்ளளவு 5,675-இலிருந்து 5,734-க்குப் போகிறது. ஒரு சதவீதம்தான். போரிங்கில் திரும்பக் கிடைக்கும் இழுவை அளவு பெரிதானதால் வருவதல்ல. தேய்ந்து நீள்வட்டமான சிலிண்டர் மறுபடி வட்டமாகி, ரிங் நன்றாகப் பிடிப்பதால் வருவது.

இனி அந்த 120 சாலையில் என்ன செய்யும் என்று பார்ப்போம். 20 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் ஏற்றத்தில், மொத்த எடை 16 டன் உள்ள லாரி மணிக்கு 30 கிலோமீட்டரில் ஏற, சக்கரத்தில் சுமார் 107 குதிரைத்திறன் வேண்டும். கியர்பாக்ஸ், பின்அச்சு ஹவுசிங் தின்பதைச் சேர்த்தால் இன்ஜினில் 120. அதே வண்டியில் எடை 20 டன் ஆனால் வேகம் 24-க்கு இறங்கிவிடும். இழுவை இல்லை என்ற புகாரில் எத்தனை பங்கு இன்ஜினுடையது, எத்தனை பங்கு அளவு மீறிய பாரத்துடையது என்று ஓனர் முதலில் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்ஜினைத் தொடும் முன்

ஆரணி வட்டாரத்துப் பட்டு நெசவாளருக்கு ஒன்று தெரியும்: பாவு தளர்ந்திருக்கும் தறியில் எவ்வளவு உயர்ந்த ஊடை நூலைப் போட்டாலும் புடவை ஒழுங்காக விழாது. லாரியிலும் முதல் வேலை தளர்வு எங்கே என்று கண்டுபிடிப்பதுதான்.

பிரேக் ஷூ டிரம்மை உரசியபடி ஓடுகிறதா? கிளட்ச் நழுவுகிறதா? டயரில் காற்று குறைவா? ஆக்சிலேட்டரைக் கடைசிவரை மிதித்தால் பம்ப் லீவர் கடைசிவரை போகிறதா? ஏர் ஃபில்டர் தூசியில் அடைத்திருக்கிறதா? சைலன்சருக்குள் தகடு உடைந்து புகைவழியை மறிக்கிறதா? டீசல் ஃபில்டர், ஃபீட் பம்ப், டேங்கிலிருந்து வரும் குழாய் எதிலாவது தடையோ காற்றுக் கசிவோ உண்டா? டேப்பட் இடைவெளி சரியா? இவற்றில் எதற்கும் இன்ஜினை இறக்க வேண்டாம். ஆனால் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தாலே நல்ல இன்ஜினும் சாகும் தறுவாயில் இருப்பதுபோல் நடிக்கும்.

அடுத்து இன்ஜினே பேச வேண்டும். கரும்புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப்புகை வந்தால் டீசல் எரியாமல் வருகிறது, அல்லது தண்ணீர் உள்ளே போகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று ஆவி தள்ளினால் ரிங்கும் லைனரும் போய்விட்டன என்று சந்தேகிக்கலாம். நாசில் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிப்பது பழைய மெக்கானிக்குகளின் கைவித்தை. ஆனால் பீச்சும் டீசலுக்கு நேரே கையைக் கொண்டுபோகக் கூடாது. அந்த அழுத்தம் தோலைத் துளைத்துவிடும்.

இதற்கெல்லாம் மேலான சாட்சி கம்ப்ரஷன் மீட்டர். ஆறு சிலிண்டரிலும் எடுத்த அளவைத் தாளில் எழுத வேண்டும். எல்லாம் ஒரே சீராகக் கொஞ்சம் இறங்கியிருந்தால் அது வயதின் தேய்மானம். ஒன்று மட்டும் வெகுவாக இறங்கியிருந்தால் அங்கே வால்வோ, கேஸ்கட்டோ, ரிங்கோ தனியாகக் கெட்டிருக்கிறது. ஒரு ஹெட் வேலையில் முடிய வேண்டியதை முழு ஓவராயிலாக மாற்றும் செலவை இந்தத் தாள் தடுத்துவிடும்.

இறக்கிய பிறகு: எங்கே செலவழிக்கலாம், எங்கே மிச்சம் பிடிக்கலாம்

இன்ஜினை இறக்கியே ஆக வேண்டும் என்று முடிவானால், சிக்கனம் எந்த இடத்தில் என்பதே கேள்வி. இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு பாக்கியம் உண்டு. பிஸ்டன் செய்யும் இந்தியா பிஸ்டன்ஸ் சென்னையில், வால்வு செய்யும் ரானே சென்னையில், பேரிங் செய்யும் பைமெட்டல் பேரிங்ஸ் கோயம்புத்தூரில் என்று இன்ஜினின் உள்ளுறுப்புகள் நம் மாநிலத்திலேயே பிறக்கின்றன. இத்தனை பக்கத்தில் நல்ல சரக்கு கிடைக்கும்போது பெயர் தெரியாத போலிப் பெட்டியை வாங்குவது சிக்கனம் ஆகாது.

பிளாக்கை முதலில் அளக்க வேண்டும். போர் கேஜை மேலே, நடுவில், கீழே வைத்து, நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் எடுத்தால்தான் தேய்மானத்தின் உருவம் தெரியும். மேல் ரிங் நிற்கும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம். தேய்மானம் குறைவாக இருந்தால் ஹானிங் போட்டுப் புது ரிங் மட்டும் மாற்றலாம். எல்லை தாண்டியிருந்தால் லைனர், பிஸ்டன், ரிங் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். நீள்வட்டமான லைனரில் புது ரிங் போடுவது, கிழிந்த சாக்கில் புது நெல் கொட்டுவது போல.

கிராங்க் கிரைண்டிங்கில் கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் என்று படிப்படியாகக் குறைப்பார்கள். அளவு சரியாக வந்துவிட்டது என்று நின்றுவிடக் கூடாது. ஜர்னலும் கன்னமும் சேரும் மூலையில் இருக்கும் வளைவு கிரைண்டிங்குக்குப் பிறகும் அப்படியே இருக்க வேண்டும். அங்கே கூர்மையான மூலை விழுந்தால், கூடுதல் பலத்தோடு ஓடும் கிராங்க் ஒருநாள் சரியாக அந்த மூலையில்தான் விரிசல் விடும்.

ஹெட்டில் வால்வு கைடு, சீட், வால்வுகளுக்கு இடையிலான விரிசல் மூன்றையும் பார்க்க வேண்டும். வால்வு சரியாக உட்கார்ந்தாலே இழந்த கம்ப்ரஷனில் நல்ல பங்கு திரும்பி வரும். ஹெட்டைச் சீவும்போது எவ்வளவு சீவினோம் என்ற கணக்கு வேண்டும். பிஸ்டன் மேலே வரும்போது வால்வோடு மோதாத இடைவெளி அதில்தான் இருக்கிறது. போர்ட்டை அரைத்துப் பளபளப்பாக்கினால் பலம் கூடும் என்று பந்தயக் கார் உலகிலிருந்து ஒரு யோசனை வருவதுண்டு. மெதுவாகச் சுற்றும் லாரி டீசலுக்கு அது பொருந்தாது. காற்று சுழன்றபடி உள்ளே போகும்படிதான் அந்தப் போர்ட்டின் வளைவு வார்க்கப்பட்டிருக்கிறது. அரைத்து அந்தச் சுழலைக் கெடுத்தால் டீசல் காற்றோடு கலக்காமல் புகையாகும்.

காசு அதிகம் கேட்காமல் பலன் தரும் வேலைகள் சில உண்டு. பிஸ்டன்களையும் கனெக்டிங் ராடுகளையும் தராசில் வைத்து எடையைச் சமப்படுத்துவது. ராடு நேராக இருக்கிறதா என்று பார்ப்பது. பிக் எண்ட் போல்ட்டைப் புதிதாகப் போடுவது. ஆயில் வழிகளைக் கம்பியும் காற்றும் விட்டுச் சுத்தம் செய்வது. ஆயில் பம்பையும் அதன் அழுத்த வால்வையும் சோதிப்பது. ஹெட் போல்ட்டைக் கை உணர்வுக்கு விடாமல், கம்பெனி சொன்ன வரிசையில் டார்க் ரிஞ்ச் வைத்து இறுக்குவது. கடைசியாகச் சொன்னதற்குக் கருவியும் பொறுமையும் மட்டும் போதும். திரும்பத் திரும்ப ஹெட் கேஸ்கட் போகும் வண்டிகள் பலவற்றின் நோய்க்கு மருந்து இதுதான்.

மிச்சம் பிடிக்கக் கூடிய இடங்களும் உண்டு. அளவுக்குள் இருக்கும் கேம் ஷாஃப்ட், ராக்கர், டைமிங் கியர் போன்றவற்றைச் சும்மா மாற்ற வேண்டாம். சென்னை புதுப்பேட்டையில் கண்டம் வண்டிகளிலிருந்து வரும் மேனிஃபோல்டு, ஃப்ளைவீல் கவர், ஆயில் சம்ப் மாதிரியான பாகங்கள் பார்த்து வாங்கினால் நல்ல லாபம். கேஸ்கட், பேரிங், ரிங், சீல் நான்கையும் மட்டும் ஒருபோதும் பழையதாக வாங்கக் கூடாது.

முதல் பதில்: பம்பைத் திறப்பது

இப்போது நான்கு பதில்களுக்கு வருவோம். எல்லாவற்றிலும் மலிவானது டீசல் பம்பின் மேக்சிமம் ஸ்க்ரூவைத் திருப்புவது. ஒரு திருப்புளி போதும். அதனால்தான் இவ்வளவு ஆசை. 1951-இல் தொடங்கி மைக்கோ என்று நாம் அறிந்த, இன்று பாஷ் என்று பெயர் மாறிய நிறுவனம் செய்த வரிசைப் பம்புகளுக்கு ஒவ்வொரு இன்ஜினுக்கும் இத்தனை சுற்றில் இத்தனை கன சென்டிமீட்டர் என்று அளவுச் சீட்டு உண்டு. அந்த எல்லையை மீறும்போது முதலில் கொஞ்சம் பலம் கூடும், அது உண்மை. காற்றில் மிச்சம் இருந்த ஆக்சிஜனை அது பயன்படுத்திக்கொள்கிறது. பிறகு புகையும் சூடும்தான் ஏறும்.

டீசலின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கும் சற்று மேலும்தான் சக்கரத்துக்கு வருகிறது. மீதி புகைக்குழாய் வழியும் ரேடியேட்டர் வழியும் போகிறது. அக்கினி நட்சத்திரத்தில் நிழலே 40 டிகிரியைத் தொடும் வட்டாரத்தில், கறைபடிந்த ரேடியேட்டரோடு ஓடும் வண்டியில் டீசலை 20 சதவீதம் கூட்டுவது, அந்தக் கூடுதல் சூட்டைப் பிஸ்டன் தலையும் வால்வும் ஹெட்டும் தாங்கட்டும் என்று விடுவது. எரியாத டீசல் லைனரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடுகிறது. ஆறு மாதத்தில் நாம் இழுவைக்காகச் செய்த வேலை இழுவையைத் தின்றுவிடுகிறது.

ஆனால் பம்ப் வேலையே வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. நேர்மாறாக, முழு வேலையிலும் காசுக்கு அதிகப் பலன் தருவது பம்ப் ரூமில் நடக்கும் கேலிபரேஷன்தான். ஆறு எலிமெண்ட்டும் சமமாக டீசல் தர வேண்டும். நாசில் அதன் அளவான அழுத்தத்தில், பல இன்ஜின்களில் 200 பார் அளவில், சொட்டு விடாமல் பனிபோல் பீச்ச வேண்டும். டைமிங் கம்பெனி சொன்ன டிகிரியில் இருக்க வேண்டும். ஒரு சிலிண்டர் அதிகம் குடித்து இன்னொன்று பட்டினி கிடக்கும் இன்ஜினில், மொத்த டீசலைக் கூட்டாமலே சமமாகப் பிரித்துக் கொடுத்தால் இழுவையும் மைலேஜும் சேர்ந்தே கூடும்.

இரண்டாவது பதில்: டர்போ

சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி 1905-இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. வீணாகும் புகையின் வேகத்திலேயே ஒரு விசிறியைச் சுற்றி, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் அனுப்புவது. காற்றின் கணக்கில் பார்த்தால் இதுதான் நேர்மையான வழி. அரை பார் அழுத்தம் கூட்டினால் காற்று 50 சதவீதம் கூடிவிடும் என்று தோன்றும். ஆனால் அழுத்தும்போது காற்று சூடாகிறது. 35 டிகிரியில் உள்ளே போகும் காற்று 90 டிகிரி அளவில் வெளியே வரும். சூடான காற்று விரிவதால் உண்மையில் கூடுவது சுமார் 28 சதவீதம். இடையில் இண்டர்கூலர் வைத்து 50 டிகிரிக்குக் குளிர வைத்தால் 43 சதவீதம் வரை போகும்.

டர்போ சரக்கு தமிழ்நாட்டிலேயே செய்யப்படுகிறது. கண்டம் வண்டியிலிருந்தும் கிடைக்கிறது. சிக்கல் அதன் விலையில் இல்லை, அதைத் தாங்க வேண்டியவற்றில் இருக்கிறது. கம்பெனி டர்போவோடு செய்யும் இன்ஜினில் பிஸ்டனின் வடிவமும் கம்ப்ரஷன் விகிதமும் வேறு. பலவற்றில் பிஸ்டனின் அடியில் ஆயிலைப் பீச்சிக் குளிர வைக்கும் ஜெட் இருக்கும். கேஸ்கட், வால்வு, ஆயில் கூலர், ரேடியேட்டர் எல்லாம் அதற்கேற்ப இருக்கும். இவை எதுவும் இல்லாத இன்ஜினில் டர்போவை மட்டும் மாட்டினால் கேஸ்கட்டில் தொடங்கி பிஸ்டனில் முடியும்.

அமெரிக்காவில் நடப்பதைப் பார்த்து இங்கே ஆசைப்படுகிறவர்கள் உண்டு. 1989-இல் டாட்ஜ் பிக்கப் வண்டியில் வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் இன்ஜின் 160 குதிரைத்திறன் தந்தது. அதே 5.9 லிட்டரில் 2000-களின் நடுவில் 325 வந்தது. உண்மைதான். ஆனால் சிலிண்டருக்கு நான்கு வால்வு, இண்டர்கூலர், கணினி நடத்தும் காமன் ரயில் என்று ஹெட்டும் டீசல் அமைப்பும் முழுதாக மாறின. அந்தப் பிக்கப் பெரும்பாலான நேரம் வெறுமனே ஓடும். முழு பலத்தை அரை நிமிடம் கேட்டுவிட்டு விட்டுவிடும். நம் லாரி போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஜவ்வாது மலை ஏறும்போது, முழு பலத்தையும் தொடர்ந்து பல நிமிடம் கேட்கிறது. உலோகத்தைச் சோதிப்பது ஒரு கணத்தின் உச்சம் அல்ல, இந்தத் தொடர்ச்சிதான். மலையில் ஏற ஏறக் காற்றும் மெலிகிறது, நூறு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம்.

அதே இன்ஜினின் டர்போ வகையைக் கம்பெனியே செய்திருந்து, அதன் பிஸ்டன், கேஸ்கட், பம்ப் அளவு எல்லாவற்றையும் முழு செட்டாகப் போட வழியும் பணமும் இருந்தால் மட்டுமே டர்போவை யோசிக்கலாம். அப்போதும் புகைக்குழாயில் வெப்பமானி ஒன்று கட்டாயம் வேண்டும். பாதிச் செலவில் முழு டர்போ கிடையாது.

மூன்றாவது பதில்: வேறு இன்ஜின், அதன் சட்டம்

1950-களில் பெட்ரோல் லாரிக்குப் பெர்கின்ஸ் ஏற்றிய காலம் வேறு. இன்று மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. தேய்ந்ததை அதே அளவுக்குப் புதுப்பிப்பது பழுதுபார்ப்பு. பதிவுச் சான்றில் இருப்பதை மாற்றுவது வேறு விஷயம். இன்ஜினையே மாற்றும்போது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதியும் புது இன்ஜின் எண்ணைச் சான்றில் ஏற்றுவதும் தேவை. இல்லையென்றால் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டும் நாளிலும், விபத்துக்குப் பின் காப்பீடு கேட்கும் நாளிலும் அந்தச் சிக்கனம் ஓனர் தலையிலேயே விழும்.

எட்டு வயது தாண்டிய லாரிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. உண்டு. புகைச் சோதனையில் பழைய டீசல் வண்டிக்கு 65 அலகு எல்லை. பம்பைத் திறந்துவிட்ட வண்டி அங்கேயே மாட்டிக்கொள்ளும். அந்தக் கரும்புகை சாலையோரத் தேநீர்க் கடையில் நிற்பவர் மூச்சிலும், பள்ளிக்கு நடந்து போகும் பிள்ளை மூச்சிலும்தான் போய்ச் சேர்கிறது என்பதைச் சட்டம் சொல்லாவிட்டாலும் நாம் நினைக்க வேண்டும். இன்னொன்று, இன்ஜின் ஏற்றத்தில் தரும் கூடுதல் வேகத்தை இறக்கத்தில் பிடிக்க வேண்டியது பழைய பிரேக்.

நான்காவது பதிலும் அதன் கணக்கும்

ஆக மிஞ்சுவது நான்காவது பதில். பிறந்த பலத்துக்குத் திருப்புவது. அதில் நான் வரிசைப்படுத்தும் செலவு இது. முதலில் அளவு எடுக்கும் செலவு. இரண்டாவது நாசில், பம்ப், டைமிங். மூன்றாவது காற்றுப் பாதையும் புகைப் பாதையும். நான்காவது ரேடியேட்டரும் தண்ணீர் வழியும். தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறியும் பழக்கம் நம் ஊரில் பரவலாக உண்டு. அது இன்ஜினை எப்போதும் அரைச் சூட்டில் ஓடவிட்டு லைனரைத் தேய்க்கும், ஆகவே அதைத் திரும்ப வைக்க வேண்டும். போர்வெல் உப்புத் தண்ணீருக்குப் பதில் கூலண்ட் ஊற்ற வேண்டும். ஐந்தாவதாகத்தான் அளவு கேட்டால் ஹெட், லைனர், கிராங்க். இவ்வளவுக்குப் பிறகும் மலை ஏற்றத்துக்கு இழுவை போதவில்லை என்றால், ஹவுசிங்கில் அந்த மாடலுக்குக் கம்பெனியே தரும் வேறு பல் விகிதக் கிரவுன் பினியனைப் பார்க்கலாம். உச்ச வேகம் குறையும், சக்கரத்தில் இழுவை கூடும், இன்ஜினுக்கு ஒரு டிகிரி சூடும் கூடாது.

வரவைப் பார்ப்போம். மாதம் 4,000 கிலோமீட்டர் ஓடும் லாரி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தந்தால் 1,000 லிட்டர் டீசல். வேலைக்குப் பின் 4.5 தந்தால் 889 லிட்டர். மிச்சம் 111 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் மாதம் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல். டீசலை அதிகம் ஊற்றிப் பலம் எடுக்கும் வழியில் இந்த வரவு கிடையாது. அங்கே ஒவ்வொரு ஏற்றமும் செலவு.

வேலை முடிந்த இன்ஜினை மணிக்கணக்கில் ஐடிலில் ஓடவிடுவதும், முதல் நாளே முழுப் பாரம் ஏற்றுவதும் இரண்டுமே தவறு. முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு நடுத்தரப் பாரம், மாறி மாறி வேகம், பிறகு ஆயில் மாற்றம். ரிங்கும் லைனரும் ஒன்றுக்கொன்று பழக அவ்வளவு அவகாசம் தர வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பட்டறையில் கொடுக்கும் ரசீதில் சாமான் விலையும் கூலியும் இருக்கும். அதோடு அளவுச் சீட்டு ஒன்றும் கேளுங்கள். எத்தனை மில்லிமீட்டர் போர், எந்த அளவு பேரிங், ஹெட்டில் எவ்வளவு சீவியது, நாசில் எத்தனை பாரில் பீச்சியது, வேலைக்கு முன்னும் பின்னும் ஆறு சிலிண்டரின் கம்ப்ரஷன் என்ன. வண்டிக்கும் நீங்களே ஒரு பக்கம் எழுதுங்கள்: அதே ஏற்றம், அதே பாரம், எந்த கியரில், எத்தனை வேகத்தில், தண்ணீர்ச் சூடு எவ்வளவு. கடன் வாங்கி இன்ஜின் வேலை பார்க்கும் ஒற்றை வண்டி ஓனருக்கு, போட்ட காசு இழுவையாகத் திரும்பி வந்ததா புகையாகப் போனதா என்று அந்த இரண்டு தாள்கள் சொல்லிவிடும். நல்ல கைவேலை செய்த மெக்கானிக்குக்கும் அவைதான் சான்று.